காயலாங்கடைத் தராசு

கரையான்சாவடி காயலாங்கடையில் பழைய பேப்பர் கட்டைத் தராசில் வைத்தேன். இரும்புப் பலகை 'ணங்' என்றது. அந்தச் சத்தத்தோடு என் நினைவில் அக்கா வந்து ஏறி நின்றாள்.

அக்கா பள்ளிக் கபடி அணியில் இருந்தாள். எடை கூடினால் ஆட விடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அப்பா அவளை இங்கே கூட்டிவருவார். துரு வாடையடிக்கும் பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பாள். முள் கொஞ்சம் தாண்டினாலும் இரவுச் சோறு கிடையாது. துணைக்கு அப்பாவும் சாப்பிடமாட்டார்.

பிளஸ் டூ முடிந்ததும், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர ஒரு கல்லூரியில் ஆடிக்காட்டக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

"எடை ஜாஸ்தி காட்னா திருப்பி அனுப்சிருவாங்க. இன்னிக்கி தண்ணி மட்டும் குடி கண்ணு" என்றார் அப்பா, முந்தின நாள்.

அங்கே எடையே பார்க்கவில்லை. எதிரே நல்ல திடமான பெண்கள் நின்றார்கள். ரெய்டு போன அக்கா, அவர்கள் பிடிப்பதற்குள் மயங்கி விழுந்தாள்.

"இன்னாம்மா, சாப்ட்டியா இல்லியா?" என்றார் பயிற்சியாளர்.

கோட்டுக்கு வெளியே எங்கள் அப்பா நின்றிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பாமல், "சாப்ட்டேன் சார்" என்றாள்.

அவளை எடுக்கவில்லை. அன்று இரவு அப்பாவே சோறு போட்டார். "போதும் நைனா" என்றாள். அவர் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, எடை சரியா கீதா பாத்துக்கோ" என்றார் கடைக்காரர்.

முள்ளைப் பார்க்காமலே, "சரியா கீதுப்பா" என்றேன்.