அம்மாவைப் பார்க்கப் பாங்கொக் போன கதை

சுவிஸில், ஆரா நகரத்தில் நான் சாமான் வாங்கும் தமிழ்க் கடையில் தாய்லாந்து ஆட்களுக்கென்றும் ஒரு தட்டு இருக்கிறது. போன சனிக்கிழமை அதில் கிடந்த கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து மணந்துகொண்டு நின்றேன். கூட வந்த மகள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் தாய்லாந்துக்குப் போனனீங்கள்தானே? அங்க என்னத்தைப் பாக்க வேணும்?" வேலையிடத்துச் சிநேகிதிகளோடு அடுத்த மாதம் போகிறாளாம்.

எனக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு கிழமை இருந்துவிட்டு வந்த அந்த நாட்டில் ஒரு கோயிலையோ கடற்கரையையோ நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. நான் பார்த்தது அம்மாவை.

அப்போது லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதிக்குச் சுவிஸ் கொடுக்கிற பயணப் புத்தகத்தோடு எங்கும் போகலாம், பிறந்த இலங்கைக்கு மட்டும் போக முடியாது. ஊரில் இருந்த அம்மாவுக்கோ சுவிஸ் விசா கிடைக்கவில்லை. அதனால் எங்கள் ஆட்கள் பலரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். இரண்டு பேரும் போய்ச் சேரக்கூடிய இடமாகப் பார்த்து, பாங்கொக்குக்கு டிக்கெட் போட்டேன். கலியாணங்களே அப்படி நடந்தன. மாப்பிள்ளை இங்கிருந்து, பொம்பிளை அங்கிருந்து, தாலி கட்டுவது பாங்கொக்கில். சிரிக்காதீர்கள், அந்தத் தம்பதிகளின் பிள்ளைகள் இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்.

விமான நிலைய வாசலில் வெக்கை முகத்தில் அடித்ததும், உடம்பு ஊருக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. பிலாப்பழ வாசம், புழுதி, நாய்கள், வெறுங்காலோடு பிக்குகள். முச்சக்கர வண்டிக்காரரிடம் "கெதியாப் போங்கோ அண்ணை" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதற்குச் சுவிஸ் டொச் மொழியில் மன்னிப்பும் கேட்டேன். மனுசன் பாவம், இரண்டுக்கும் தலையாட்டினார்.

ஹோட்டல் அறையில் அம்மா எனக்கு முதலே வந்து கட்டில் நிறையச் சாமான் பரப்பியிருந்தார். கறித்தூள், பனம்பழப் பினாட்டு, பருத்தித்துறை வடை. நான் கொண்டுபோன சொக்கிலேட் முழுக்க உருகிக் களியாகியிருந்தது. "இதையோ அங்க தின்னுறனீ? அதுதான் இப்பிடி மெலிஞ்சு போனாய்" என்றார். உண்மையில் நான் ஊரைவிட்டுப் போனபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு பெருத்திருந்தேன்.

தாய்லாந்தில் யாருடைய தலையையும் தொடக்கூடாது, பெரிய அவமரியாதை என்று மகளுக்குச் சொல்லியிருக்கலாம். அது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா தெருவிலும் பேருந்திலும் சாப்பாட்டுக் கடையிலும் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். சனங்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கையை எடுத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். ஹோட்டல் முற்றத்தில் தூண் ஒன்றின் மேல் சின்ன வீடு மாதிரி ஒன்று இருந்தது. முன்னால் பூமாலை, ஊதுபத்தி, உறிஞ்சிக் குடிக்கக் குழல் போட்ட சிவப்புச் சோடாப் போத்தல். முதல் நாள் காலமை அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு அந்தப் போத்தலை எடுத்து, "இந்தா தம்பி, பிரசாதம்" என்று நீட்டினார். சாமிக்குப் படைத்தது பிறகு எங்களுக்குத்தானே? நானும் பாதியைக் குடித்துவிட்டேன். வரவேற்பறைப் பெண் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அது நிலத்தைக் காக்கும் ஆவிக்கு வைத்ததாம், மனிதர் தொடுவதில்லையாம்.

"ஐயோ, பேய்க்கு வைச்சதையோ என்ர பிள்ளை குடிச்சவன்!" அம்மா திருநீற்றை எடுத்து என் நெற்றி முழுக்க அப்பினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காணியைக் காக்கிறவரெண்டால் எங்கட வைரவர்தான். ஒண்டும் செய்யமாட்டார்" என்று தானே தீர்ப்பும் சொன்னார். அன்று பின்னேரம் புதுச் சோடா வாங்கி வைத்துக் கும்பிட்டது அவர்தான். அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்று கைகூப்பினாள். யார் கும்பிட்டது யாரை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புறப்படுகிற அன்று, என் பெட்டியைப் பூட்டவிடாமல் அதன் மேலேயே அம்மா இருந்தார்.

"தம்பி, உனக்கேன் அந்தக் குளிர் நாடு? இஞ்ச கொய்யா கிடக்கு, பிலா கிடக்கு, வைரவரும் இருக்கிறார். இஞ்சயே இரன். நான் வருசா வருசம் வந்து போறன்."

"இஞ்ச எனக்கு என்ன வேலையம்மா?"

"கோப்பை இஞ்சயும் ஊத்தையாகும்தானே?"

விசா, அனுமதி, சட்டம் என்று என்னென்னவோ விளங்கப்படுத்தினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது விளங்காமல் போயிற்று. அம்மா கேட்டதில் என்ன பிழை? தாயும் பிள்ளையும் ஒரு நாட்டில் இருக்க முடியாதென்பதை எந்த மொழியில் சொன்னால் விளங்கும்? அழுகை வந்தது. பெட்டியைப் பூட்டுகிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

இப்போது யாரும் அப்படிப் பாங்கொக்கில் சந்திப்பதில்லை. எல்லாரிடமும் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது, பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் நேரே கொழும்புக்குப் பறக்கிறார்கள். எனக்கும் ஒரு நாள் அது கிடைத்தது. அதற்கு முதலே அம்மா போய்விட்டார், செத்தவீட்டை வீடியோவில்தான் பார்த்தேன். ஆனாலும் போனேன். கொழும்பில் இறங்கியதும் அதிகாரி என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"அம்மாவை" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தபடி முத்திரையைக் குத்தி, என்னை உள்ளே விட்டார்.