பிள்ளையைத் தூக்காத தகப்பன்

ஸைந்தியரைப் பொல்லாத கிழவர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் அகதியாய் வந்து சேர்ந்த குளிர்தேசத்தில், பார்க்டேலில், எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. சொன்னவர்களில் ஒருவராவது அந்த மனுசனோடு ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை.

அவர் செச்சென்காரர். பத்து வயதில், 1944-இல், அவருடைய சனம் முழுவதையும் மொஸ்கோ அரசாங்கம் சாமான் ரயிலில் அடைத்துக் கஸக்ஸ்தானுக்கு ஏற்றியது. தாய் வழியிலேயே செத்துப்போனாள். பிறகு மற்றவர்கள் ஊர் திரும்பியபோது இவர் திரும்பவில்லை. கஸக்ஸ்தானிலேயே டிராக்டர் ஓட்டி, தம்பி செத்தபின் அவன் மகன் இத்ரிஸைத் தன் பிள்ளையாக வளர்த்தார். இத்ரிஸ் வளர்ந்தபின் செச்சென் தலைநகர் குரோஸ்னிக்குப் போய் அங்கே கலியாணம் கட்டினான். தொண்ணூற்றைந்தில் மொஸ்கோப் படை போட்ட குண்டு அவன் மனைவியைக் கொண்டுபோனது. கைக்குழந்தையோடு பெரியப்பாவிடம் ஓடிவந்தான். மூன்று பேருமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். குண்டுக்குத் தப்பி வந்த கதையை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இத்ரிஸ் வேலைக்குப் போகும் நேரம் குழந்தை ஹேதாவை நான்தான் பார்த்தேன். வேலையால் வந்ததும் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு துள்ளுவான், மூக்கைத் துடைப்பான், ஊட்டுவான். ஆனால் பெரியப்பாவின் காலடி கேட்டால் போதும், பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து நிற்பான். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டான். ஏன் என்று கேட்டேன். பெரியவர்களுக்கு முன்னால் சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுபவனை அவர்கள் வெட்கங்கெட்டவன் என்பார்களாம். கொஞ்சுகிற உரிமை பெரியவருக்குத்தானாம்.

தொண்ணூற்றேழு மாசியில் கட்டட வாசலில் ஹேதா சறுக்கி விழுந்தாள். கிழவர் பக்கத்தில் நின்றதால் இத்ரிஸ் மரம் மாதிரி நின்றான். கிழவர்தான் பொல்லை ஊன்றிக் குனிந்து தூக்கினார். இதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் பிள்ளைகளைப் பாதுகாக்கிற அலுவலகத்துக்குப் போன் அடித்துவிட்டான்.

அங்கேயிருந்து வந்தவள் எங்கள் பெட்டை. நிரூபா. படித்த பிள்ளை, தமிழும் நல்லாய்க் கதைத்தாள். இனிப் பிரச்சினை இல்லை என்று நான் நினைத்தேன், மடைச்சி!

பிள்ளை பார்க்கிறவள் என்று நானும் அவர்கள் வீட்டில் நின்றேன். கிழவர் கதிரையில் இருந்தார். நிரூபா இத்ரிஸிடம் பிள்ளையின் பெயரைக் கேட்டாள். அவன் நிலத்தைப் பார்த்தான். பிள்ளையைத் தூக்கச் சொன்னாள். அவன் அசையவில்லை. அவள் எழுதிக்கொண்டே போனாள். பிள்ளையைப் பறிக்கப்போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை, அந்த ஐயாவை வெளியிலை இருக்கச் சொல்லிப்போட்டுக் கேளும்," என்றேன்.

"அன்ரி, நீங்கள் இதுக்குள்ளை தலையிடாதேங்கோ."

கிழவருக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனால் என் முகத்தையும் அவன் முகத்தையும் பார்த்தார். பொல்லை எடுத்துக்கொண்டு தானாகவே எழும்பி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உடனே இத்ரிஸ் பாய்ந்து பிள்ளையை அள்ளினான். "ஹேதா, ஹேதா" என்று அழுதான். அவள் அவன் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியளே அன்ரி? உந்தக் கிழவருக்குப் பயத்திலைதான் தகப்பன் பிள்ளையைத் தொடேல்லை."

"பயமோ? உது மரியாதை! நீர் உம்மடை அப்பாவுக்கு முன்னாலை கால்மேலை கால் போட்டுக்கொண்டு இருப்பீரோ?"

"அது வேறை, அன்ரி."

என்ன வேறை? கேட்டால், எழுதின தாளைப் புரட்டினாள். பிள்ளை தகப்பனோடு இருக்கலாம், ஆனால் கிழவர் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றாள். இருந்தால் பிள்ளையை எடுப்போம் என்றாள். அதைக் கிழவருக்குச் சொல்லச் சொல்லி இத்ரிஸையே ஏவினாள். வளர்த்த மனுசனிடம் வீட்டை விட்டுப் போ என்று அவன் வாயால் சொல்ல வேண்டுமாம்! அடப் பாவிகளே!

கதவைத் திறந்து கிழவரைக் கூப்பிட்டார்கள். இத்ரிஸ் பழக்கத்தில் பிள்ளையை இறக்கிவிட்டான். அவள் வீரிட்டாள். பார்த்தியளே என்பதுபோல நிரூபா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இத்ரிஸ் குனிந்தபடி தங்கள் பாஷையில் ஏதோ சொன்னான். கிழவர் பொல்லைச் சுவரில் சாத்தினார். அழுத பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு நேரே குசினிக்குள் போனார். பாணும் வெண்ணெயும் தேத்தண்ணியும் கொண்டுவந்து நிரூபாவுக்கு முன்னால் நீட்டினார். வீட்டுக்கு வந்தவள் ஒன்றும் சாப்பிடாமல் போகக் கூடாதாம், இத்ரிஸ் சொன்னான்.

"நாங்கள் ஒண்டும் வாங்கக் கூடாது, அன்ரி. சட்டம்," என்று அவள் பையை எடுத்தாள்.

கிழவர் தட்டை நீட்டியபடியே நின்றார். நான் கத்தியேவிட்டேன்.

"சாப்பிடடி! நீ வீட்டை விட்டுக் கலைக்கிற மனுசன்ரை கையாலை ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ!"

அவள் சாப்பிடவில்லை. ஸைந்தியர் தட்டை மூடிவைத்துவிட்டு உடுப்பு அடுக்கப் போனார்.