முள்ளில்லாத தொண்டை

நான் மிருக வைத்தியர். கிளிநொச்சிப் பக்கத்துச் சனத்துக்கு "மாட்டு டொக்டர்". மாட்டுக்கு ஒன்றென்றால் விடிய முதலே அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். நாய், பூனை என்றால் மட்டும் எல்லா வைத்தியத்தையும் தாங்களே பார்த்து முடித்துவிட்டு, சாகிற நேரத்தில் உரப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். நாய்க்குச் சொறி பிடித்தால் உழவு மிசினில் கழித்த ஒயிலை எடுத்து உடம்பு முழுக்கப் பூசுவார்கள். அதை நக்கி நக்கி நாய் செத்தால், சொறி முற்றிவிட்டதாம். பூனைக்குக் காய்ச்சல் என்று தாங்கள் போடுகிற பரசிற்றமோலைப் பாதியாக உடைத்துக் கொடுப்பார்கள். பூனைக்கு அது நஞ்சு. சொன்னால், "அரைக் குளிசைதானே டொக்டர் குடுத்தனாங்கள்" என்று என்னையே சமாதானப்படுத்துவார்கள். அரைக் குளிசையாம்! அந்த நேரத்தில் என் கையில் எதுவும் இல்லாமல் இருப்பது நல்லது.

ஆனால் நான் என் வாழ்க்கையில் அதிகம் கத்தியது ஒரு நாயின் தொண்டைக்காக.

பெரும்போகத்து நெல் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். முரசுமோட்டையிலிருந்து ஒரு வயற்காரர் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாயைக் கொண்டுவரவில்லை.

"நாய்க்குத் தொண்டையில முள்ளுக் குத்திப்போட்டுது டொக்டர். மீன் தலை போட்டது. முள்ளுக் கரையிற மருந்து ஏதும் இருந்தால் தாங்கோ, கொண்டுபோய்ப் பருக்கிறன்."

"அப்பிடி ஒரு மருந்தும் இல்லை. நாய் என்ன செய்யுது?"

"வாய் திறந்தபடி கிடக்குது. வீணி வடியுது. சாப்பாட்டில வாயை வைக்குது, விழுங்கேலாமல் விடுது. குரைக்கிற சத்தமும் அடைச்சுப் போச்சு. அதுதான் முள்ளெண்டு சொல்லுறன்."

கீழ்த்தாடை தொங்குவது, விழுங்க முடியாமை, குரல் மாறுவது. இதை முள்ளு என்று நம்பி வாய்க்குள் கையை விடாதீர்கள் என்றுதான் படிக்கிற காலத்தில் முதலில் சொல்லித் தருவார்கள்.

"ஆரும் வாய்க்குள்ள கை விட்டனீங்களோ?"

"மனுசி ரெண்டு மூண்டு தரம் விட்டுத் துழாவிப் பாத்தவா. முள்ளு அம்பிடேல்லை."

"போன வருசம் உங்கட ஊருக்கு வந்து நாயளுக்கு ஊசி போட்டனாங்கள். இதுக்குப் போட்டதோ?"

அவர் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தார். "ஊசி போட்டால் நாய் மந்தமாப் போகுமெண்டு சொன்னாங்கள் டொக்டர். பிறகு வயலுக்கு வாற பண்டியைக் கண்டாலும் குரைக்காதாம்."

எந்தக் கோதாரி விழுவான் இதை முதலில் சொன்னானோ தெரியாது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்று நாங்கள் இலவசமாகப் போடுகிற ஊசி. அதைத் தடுக்க இவர்களுக்கு ஒரு வாய்ப்பேச்சுப் போதும். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன்.

நாய் பழைய ஆட்டுக்கொட்டிலுக்குள், வெளிச்சம் படாத மூலையில் படுத்திருந்தது. செம்மண் நிறம், நல்ல வளர்த்தி. வாய் மூடாமல் தொங்கியது. எழும்பப் பார்த்தபோது பின்னங்கால் இரண்டும் இழுபட்டன. நான் கொட்டில் வாசலிலேயே நின்று ரோச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என்னைத் தாண்டி ஒரு கை போனது. அந்த மனிதரின் மனைவி, கிண்ணத்தில் பாலும் கரண்டியுமாக, "கொஞ்சம் குடிக்குதோ பாப்பம்" என்று குனிந்தா.

"கையை எடுங்கோ!"

நான் கத்திய கத்தலில் கிண்ணம் கீழே விழுந்துவிட்டது. அவாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஆட்காட்டி விரலில் அரிவாள்மணை வெட்டிய காயம், இன்னும் வாய் மூடாமல் இருந்தது. பக்கத்தில் நாயின் பல் உரசிய கோடுகள்.

"கடிக்கேல்லை பிள்ளை," என்றா அவா. "பாவம், அது ஏன் என்னைக் கடிக்கப்போகுது? பல்லுத்தான் தட்டுப்பட்டது."

கொட்டில் கதவை இழுத்துக் கம்பியால் கட்டினேன். பிறகு இரண்டு பேரையும் முற்றத்தில் நிறுத்திச் சொன்னேன். இது முள்ளில்லை. இது விசர், நீர்வெறுப்பு நோய்.

அந்த மனிதர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ டொக்டர். விசர் நாயெண்டால் றோட்டால ஓடும், கண்டவனையெல்லாம் கடிக்கும். இது தன்ர பாட்டில கிடக்குது. ஒரு சத்தமில்லை. இதுக்கே விசர்?"

இந்தச் சொல்தான் எனக்கு எதிரி. எங்கள் ஊரில் கோபத்தில் கத்துகிறவனுக்கு விசர், பொருள்பண்டத்தைப் போட்டு உடைக்கிறவனுக்கு விசர், தறிகெட்டு ஓடுகிற பிள்ளைக்கு விசர். நோய்க்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதனால், ஓடாமல், கடிக்காமல், இருட்டில் ஒடுங்கிக் கிடக்கிற நாய்க்கும் அந்த நோய் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பாய்ந்து வருகிற நாயைக் கண்டால் சனம் வேலி பாய்ந்தாவது தப்பும். இந்த மாதிரி நாய்க்குப் பக்கத்தில் இருந்து பால் பருக்கும்.

"அமைதியாக் கிடக்கிறதும் அதே நோய்தான்," என்றேன். "அதின்ர வீணி உங்கட மனுசியின்ர காயத்தில பட்டிருக்கு. ஊசி போடாமல் நோய் வந்தால் பிறகு மருந்தில்லை. எந்தப் பெரிய டொக்டராலும் ஏலாது. விளங்குதோ?"

அந்த அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கையைக் கழுவ வைத்தேன். அவா கழுவிக்கொண்டே கொட்டில் பக்கம் பார்த்தா.

"அதுக்கு ஒண்டும் செய்யேலாதோ பிள்ளை?"

"ஏலாது அம்மா."

அவா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. அந்த நாய் அடுத்த நாள் காலையில் செத்தது. கொழும்புக்கு அனுப்பிய பரிசோதனையின் முடிவும் நான் சொன்னதைத்தான் சொன்னது. முன்கூட்டியே ஒரு ஊசி போட்டிருந்தால் அது வயலில் பன்றி கலைத்துக்கொண்டிருந்திருக்கும்.

கை கழுவி முடிந்து, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ என்றதும் அந்த மனிதர் வானத்தைப் பார்த்தார்.

"மழை இருட்டிக்கொண்டு வருது டொக்டர். இண்டைக்கு வெட்டு மிசின் வருது. எத்தனை நாள் கேட்டுக் கிடைச்ச மிசின் தெரியுமே? விட்டால் பக்கத்து வயலுக்குப் போயிடும். வெட்டு முடியட்டும், நாளையிண்டைக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். கடிக்கக்கூட இல்லையே!"

"நெல்லு நனைஞ்சால் காயவைக்கலாம். மனுசி செத்தால் என்ன செய்வியள்? பாயில போட்டுக் காயவைப்பியளோ?"

சொல்லக்கூடாத சொல்தான். சொன்னேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். நான் அந்த அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். நாய் எப்படி இருந்தது, எந்தக் கை, எத்தனை தரம். நாயின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் எப்படித் துழாவினீர்கள் என்று கேட்டார்.

"நானெங்க திறந்தது? அவரெல்லோ ரெண்டு கையாலயும் பிளந்து பிடிச்சவர்," என்றா அந்த அம்மா. "பண்டிக்கு வேலி அடைச்சு, முள்ளுக்கம்பி கிழிச்ச கை. பிடிக்கேலாமல் பிடிச்சவர்."

என் முன்னால் நின்று, முள்ளுக் கரைகிற மருந்து கேட்ட அந்தக் கைகளிலும் காயம். மனுசிதான் கை விட்டவா என்று சொன்ன வாய்க்கு, நான்தான் வாயைப் பிளந்தனான் என்று சொல்ல வரவில்லை. அது ஒரு பொருட்டாகவே அவருக்குப் படவில்லை!

அவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் மிசின் இரைந்தது.

"எனக்கு ஒண்டுமில்லை டொக்டர். மிசின் இறங்கிட்டுது. பிறகு கதைப்பம்."

வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், கத்தினேன், திரும்ப வைத்துவிட்டார். தாதி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தபோது அந்த அம்மா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டா.

"அவர் வரட்டும். எனக்கு மட்டுமெண்டால் வேண்டாம்."

"உங்களுக்குமே விசர்?" என்று என் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்துவிட்டது. "அவர் வராட்டில் நீங்களும் சாகப் போறியளோ?"

"போனைத் தாங்கோ பிள்ளை."

கொடுத்தேன். முதலில், "இஞ்சாருங்கோ" என்று வழக்கம்போல மெதுவாகத்தான் தொடங்கினா. அந்தப் பக்கம் அவர் மிசின், நெல்லு, மழை என்று ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு அந்த வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற குரல் ஒன்று வந்தது.

"நெல்லு கிடந்து முளைக்கட்டும். நீ இப்ப வாறியோ, இல்லாட்டி நானும் ஊசி போடாமல் அங்கை வரட்டோ? சொல்லடா! ரெண்டு பேரும் அந்தக் கொட்டிலுக்குள்ள போய்க் கிடப்பம்!"

போனை என் கையில் தந்துவிட்டுத் தண்ணீர் கேட்டா.

அவர் வந்தார். உடம்பெல்லாம் வைக்கோல் தூசி, சாரத்தில் சேறு. யாரையும் பார்க்காமல் மனைவிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். காயங்களைக் கழுவினார்கள், காயத்தைச் சுற்றி ஊசி குத்தினார்கள், தோளில் குத்தினார்கள். இன்னும் சில தரம் வந்து போட வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனைவிக்கும் குத்தி முடிந்தது. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கலியாணம் கட்டின நாளையிலயிருந்து ஒருக்காலும் என்னை நீ எண்டு சொன்னதில்லை டொக்டர். இண்டைக்குச் சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டா."

உயிர் மயிரிழையில் நிற்கிறது, இந்த மனிதருக்கு நோகிற இடத்தைப் பார்! நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா, கையில் வைத்த பஞ்சை அமத்திப் பிடித்தபடி, பழையபடி மெதுவான குரலில் சொன்னா.

"நீங்கள் செத்திருந்தால் மரியாதையாத்தான் அழுதிருப்பன்."