எங்க டீச்சர் வர்ற வரைக்கும்

யாராவது ஒரு டீச்சருக்குப் பிரசவம் ஆக வேண்டும், கால் எலும்பு முறிய வேண்டும், இல்லையென்றால் மாமியாருக்கு ஆப்பரேஷன் நடக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு வேலை வரும். தொடக்கப்பள்ளிகளில் லீவில் போகிறவர்களுடைய வகுப்பை, அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்கிறவள் நான். ஆர்டரில் ‘தற்காலிக ஆசிரியர்’ என்று போடுவார்கள். பிள்ளைகள் ‘லீவு டீச்சர்’ என்பார்கள். காரைக்குடியைச் சுற்றி எட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. தெரிந்த டீச்சர் ஒருவர் முழுகாமல் இருப்பதாகச் சொன்னால், வாயால் வாழ்த்திக்கொண்டே மனசுக்குள் எந்த மாசம் லீவு போடுவார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள். நீங்களும் எண்ணியிருப்பீர்கள்.

எத்தனை நாள்?

முதல் பள்ளிக்கூடம் மானகிரிப் பக்கம், இரண்டாம் வகுப்பு. ஒரு வாரமாகப் பாட்டு, கதை, காகிதத்தில் செய்த கிளி என்று தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். போனதும் பாடம் நடத்தத் தொடங்கியது நான் அல்ல, முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்டிருந்த அபிநயா என்கிற பிள்ளை. வருகைப் பதிவுக்கு எந்தப் பேனா, கரும்பலகையை எந்தப் பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும், தண்ணி குடிக்க ஒரு தடவைக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் “எங்க டீச்சர் இப்பிடித்தான் செய்வாக” என்று முடித்தாள். நான் பாடிக் காட்டிய பாட்டை, வீட்டுக்கு வந்த விருந்தாளி ஏதோ சொல்வதைக் கேட்பது போல எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

இடைவேளையில் அபிநயா மேசைப் பக்கம் வந்தாள். “நீங்க எத்தன நாளைக்கு எங்களுக்கு டீச்சர்?” என்றாள். மூன்று மாதம் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: “மூணு மாசமாம்டி. அப்பப் பேரக் கேட்டு வச்சுக்கலாம்.”

இரண்டு தர்ஷினிகள்

அடுத்தது வலையபட்டிப் பக்கம், மூன்றாம் வகுப்பு. லீவில் போன டீச்சர் அக்கறையானவர். தனிக் கவனம் வேண்டிய பிள்ளைகளின் பேரை ஒரு தாளில் எழுதி மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு வரி: ‘தர்ஷினி – எழுத்து தெரியாது, தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தரவும்.’ இனிஷியல் இல்லை. வகுப்பில் தர்ஷினி இரண்டு பேர். ஒருத்தி முன்னால் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் கணீரென்று திருப்பிச் சொல்கிறவள். இன்னொருத்தி சுவரோரம் தலையைக் குனிந்தபடி இருப்பவள். யார் என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சுவரோரத் தர்ஷினிக்கு நோட்டில் புள்ளி புள்ளியாக ‘அ’னா, ‘ஆ’வன்னா போட்டுக் கொடுத்தேன். ஒன்பது நாள், புள்ளி மேல் புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து என்னமாய்த் தேறுகிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தாம் நாள் நல்ல மழை. வெளியே போக முடியாமல் எல்லோரும் வகுப்பிலேயே சாப்பிட்டோம். என் வடைப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணெய் ஊறிய செய்தித்தாள் காகிதத்தை ஓரமாக வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், ரயில் நேரம் மாறியதைப் பற்றிய செய்தியைத் தங்குதடையில்லாமல் வாசித்தது. திரும்பினால், அந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரோரத் தர்ஷினி. முன்வரிசைத் தர்ஷினியைக் கூப்பிட்டு ஒரு வரி வாசிக்கச் சொன்னேன். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. இத்தனை நாளும் குரலை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறாள்; என் ஒன்பது நாளில் ரெண்டு பிள்ளைக்குமே பிரயோசனம் இல்லை. சுவரோரத் தர்ஷினியிடம், இவ்வளவு நல்லா வாசிக்கிறவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளுக்கு வருத்தமோ கோபமோ இருந்ததாகத் தெரியவில்லை. “வாசிக்கத் தெரியுமான்னு நீங்க கேக்கவே இல்லையே டீச்சர், எழுதுன்னுதான சொன்னீக” என்றாள்.

பத்து வரி

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது வகுப்பு, ஒரு வாரம்தான் வேலை, யார் எவர் என்று தெரியாது என்றால் கட்டுரை எழுதச் சொல்லிவிடுவோம். டவுனுக்குள் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு. காலையில் மூன்று காலங்களும் நடத்தினேன்: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். அதையே பயன்படுத்தி எழுதட்டும் என்று ‘என் அப்பா – பத்து வரி’ என்று கரும்பலகையில் போட்டேன். எல்லோரும் குனிந்துவிட்டார்கள். கார்த்திகா என்ற பிள்ளை மட்டும் பென்சிலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எழுதும்மா என்றேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்று, வகுப்புக்குப் பொதுவாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல, “அவ அப்பா செத்துப் போயிட்டாக டீச்சர்” என்றாள்.

டஸ்டரை எடுத்து, வேறு தலைப்புத் தருகிறேன் என்று அழிக்கப் போனேன். “அழிக்காதீக டீச்சர், நான் எழுதுறேன்” என்றாள் கார்த்திகா. எழுதவும் தொடங்கினாள். நான் வகுப்பைச் சுற்றி வருவது போல அவள் பக்கம் போகாமலே நடந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மூன்று வரி முடிந்திருந்தது. அப்பாவின் பேர், ஊர், லாரி ஓட்டியது. நாலாவது வரி பாதியில் நின்றது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: “எங்க அப்பா நல்லாப் ‘பாடுவார்’னு எழுதவா டீச்சர், ‘பாடினார்’னு எழுதவா?”

பத்து மணி பஸ்

ரெண்டு டீச்சர் இருக்க வேண்டிய கிராமத்துப் பள்ளி ஒன்றில், ஒருவர் நீண்ட லீவில் போய்விட, தலைமையாசிரியை உமையாள் டீச்சர் மட்டும் இருந்தார். ஐந்து வகுப்பும் ஒரே ஹாலில். மொத்தம் பதினேழு பிள்ளைகள். நான் சேர்ந்த மறுநாள் காலையில் பீரோச் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் என் கையில் கொடுத்து, “லீவு எழுதிக் குடுத்துட்டேன், பிள்ளைகளப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். வந்து ஒரு நாள்தான் ஆகிறது, என்னிடம் ஒரு பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றைக்கு நான் நடத்தியது பாதி, ஐந்தாம் வகுப்புக் காளீஸ்வரி நடத்தியது பாதி. மூன்றாம் வகுப்புக்கு நான் கழித்தல் சொல்லிக்கொடுத்தால், ஒன்றாம் வகுப்பை வரிசையாக உட்கார வைத்து அவள் கதை சொன்னாள். நான் ரெண்டாம் வகுப்புக்குப் போனால் மூன்றாம் வகுப்பில் சண்டை. மூன்றரை மணிக்கு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வந்ததும் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். நாலு மணி பஸ்ஸில் உமையாள் டீச்சர் இறங்கி வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது, வாயில் பஞ்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்னார்: “ஏழு மாசமாக் கிராம்ப வச்சு ஓட்டுனேன் டீச்சர். பல்லுப் பிடுங்க டாக்டரு என்னைக்கும் இருந்தாக, பள்ளிக்கூடத்தப் பாத்துக்கத்தான் ஆள் இல்ல.”

உயிரெழுத்து பன்னிரண்டு

கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஒரு நாலாம் வகுப்பு. இருபத்து நாலு பிள்ளைகள். நிரந்தர டீச்சர் ஜெயந்திக்கு உடம்பு முடியாமல் போய், அந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு பேர் வந்து போயிருந்தார்கள். நான் மூன்றாவது. அடிப்படையைச் சரிபார்த்துவிட்டுப் பாடத்துக்குப் போகலாம் என்று, எங்கே போனாலும் செய்வது போல, “உயிரெழுத்து எத்தனை?” என்று தொடங்கினேன். யாழினி என்ற பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எழுந்திரு என்றேன். எழவில்லை. மறுநாளும் அப்படியே. திமிர் என்று நினைத்து வராந்தாவில் நிற்க வைத்தேன். உள்ளே வா என்று கூப்பிட்டபோதும் வரவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, என்மேல் என்ன கோபம் என்று கேட்டேன். கண் கலங்கிப் போய், ஆனால் நிதானமாகச் சொன்னாள்: “ஜூன்ல வந்த டீச்சரும் உயிரெழுத்து பன்னிரண்டுன்னு ஆரம்பிச்சாக. அவுகளுக்கு அடுத்து வந்தவுகளும் அதையே ஆரம்பிச்சாக. இப்ப நீங்களும் ஆரம்பிக்கிறீக. அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் டீச்சர், அதுக்கு அங்குட்டு உள்ளதச் சொல்லித் தரத்தான் யாருமே வர மாட்டேங்கிறீக.”

விட்டுப்போன பக்கம்

யாழினியை வராந்தாவில் நிற்க வைத்ததற்கு அவளிடமே மன்னிப்புக் கேட்டேன். அன்று சாயங்காலம் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். எதுவரை வாசிக்கிறாள், எந்தக் கணக்கில் தடுக்குகிறான், எந்தப் பாடத்தில் நிறுத்தியிருக்கிறோம் என்று ஐந்து மாதம் தேதி போட்டு எழுதி வந்தேன். ஜெயந்தி டீச்சர் குணமாகித் திரும்பிய அன்று அதை அவர் கையில் கொடுத்தேன். இனி யாரும் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று கொஞ்சம் பெருமையாகத்தான் பஸ் ஏறினேன். மாதம் ஒன்று போயிருக்கும், அவரிடமிருந்து போன். நோட்டை வைத்துத்தான் பாடம் நடத்துவதாகச் சொன்னார். பிறகு தயங்கி, “இருபத்து மூணு பக்கந்தான் இருக்கு டீச்சர். நாகஜோதி பேரு விட்டுப்போச்சு. அந்தப் பிள்ள என்கிட்ட ஒண்ணும் கேக்கல, மேசையில கெடந்த நோட்ட எடுத்துத் தேடிக்கிட்டு இருந்துச்சு” என்றார்.

போனை வைத்துவிட்டு நாகஜோதியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ரெண்டாவது வரிசை என்பது ஞாபகம் வந்தது. ஐந்து மாதத்தில் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, சந்தேகம் கேட்கவில்லை, கணக்கைத் தப்பாகப் போட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வரவும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்யாததால் அவள் என் கண்ணில் படவே இல்லை. சுவரோரத் தர்ஷினியிடமாவது தப்பாக ஏதோ செய்தேன். இவளிடம் எதுவுமே செய்யவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கு வேலை நாள். ஜெயந்தி டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனேன். வராந்தாவில் நாகஜோதியை வைத்துக்கொண்டு ஒரு பாடம் முழுக்க வாசிக்கச் சொன்னேன். மெல்லிய குரல். விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே, முற்றுப்புள்ளி வந்தாலும் நிற்காமல், மூச்சு முட்டும்வரை வாசித்தாள். கணக்குப் போடச் சொன்னேன். வகுத்தலில் மீதி வந்தால் அதை எழுதாமல் விட்டுவிடுகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் இருபத்து நாலாவது பக்கத்தில் எழுதி, கீழே அன்றைய தேதியும் போட்டேன். நோட்டை அவளிடம் நீட்டினேன். அவள் நோட்டை வாங்கித் தன் பக்கத்தை ரெண்டு தடவை வாசித்தாள். பிறகு முன்பக்கங்களைப் புரட்டித் தேதிகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்: “இவுகளோடதெல்லாம் போன மாசத்தது டீச்சர், என்னோடதுதான் புதுசு.”

ஆண்டு விழாவில் குரூப் போட்டோ எடுக்கிற நாளில் எந்தப் பள்ளியிலும் நான் இருந்ததில்லை என்றாலும், டவுன் பஸ்ஸில் கடைசிவரை நின்றுகொண்டு போனதாக எனக்கு ஞாபகமில்லை. நான் எப்போதோ பாடம் நடத்திய ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, என் பேர் வாயில் வராமல் முழித்துக்கொண்டே, எழுந்து இடம் கொடுத்துவிடுகிறது.