கஸ்தூரி அண்ணியின் லேப்டாப்பில் லினக்ஸ் ஏறிய கதை

கம்ப்யூட்டர் வேலையில் பாதி கம்ப்யூட்டரோடு. மீதி, அதைச் சுற்றி நின்றுகொண்டு யோசனை சொல்கிற குடும்பத்தோடு. சொந்தக்காரர் வீடு, நண்பர் வீடு என்று போய் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு வருஷம் முழுக்க போன் எடுத்து அவதிப்படும் என் இனத்தவர்களே, கோட்டைக்குப்பத்தில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

ஓசிச் சரக்கு

பக்கத்துத் தெரு கஸ்தூரி அண்ணி கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பைத் தபால் வழியில் மறுபடி தொடங்கியிருந்தார். திங்கட்கிழமை முதல் தேர்வு. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதலாம். அந்த லேப்டாப்போ, ஆன் செய்தால் உலையில் வைத்த அரிசி வெந்த பிறகுதான் கண்ணைத் திறக்கும். "இந்தத் தடவை விட்டா அவ்ளோதான் செல்வி. மறுபடி பணம் கட்டி வுடமாட்டாங்க" என்றார் அண்ணி. எனக்கு அதைக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப்பும் ஓடும், காசு கிடையாது என்று வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

காசு கிடையாது என்றதுதான் தப்பாகப் போயிற்று. அண்ணியின் மாமியார் அஞ்சலை பெரியம்மா பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓசில குடுக்கறாங்கன்னா ஐஸ் வெக்காத மீனுன்னு அர்த்தம்."

யார் பாடு?

அண்ணியின் வீட்டுக்காரர், ஏரியில் மீன்பிடிக்கும் தனசேகர் அண்ணனுக்கு விண்டோஸும் வேண்டும். அதில்தான் அவருடைய கேரம் விளையாட்டு இருக்கிறது. ஒரே டிஸ்கில் இரண்டையும் வைக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்று விதவிதமாக விளக்கினேன். தலையாட்டினாரே தவிர ஒன்றும் ஏறவில்லை.

கடைசியில் பழவேற்காடு ஏரியைக் காட்டினேன். எங்கள் ஏரியில் மீன்பிடிக்க முறை உண்டு, அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு ஒரு கூட்டத்தின் பாடு என்றால் அவர்கள் வலைதான் அந்த இடத்தில் இறங்கும். நாளைக்கு வேறு கூட்டம். "டிஸ்க் ஏரி மாதிரிண்ணா. இன்னிக்கி யாரு பாடோ அவங்க வலை" என்றேன். அண்ணன் முகம் பளிச்சென்று ஆனது. இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் விளக்கியதில்லை என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறேன். ஆனால் ஏரியில் யார் பாடு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள், இங்கே மட்டும் குலுக்காமல் எப்படி? ஆன் செய்ததும் தானாக வருவது யாருடையது என்பதற்குச் சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். அண்ணி பேர் வந்தது. லினக்ஸுக்கே முதல் பாடு. அண்ணன் வெளியே போனதும் அண்ணி என் காதோரம் வந்து சொன்னார்: "ரெண்டு சீட்லயும் என் பேரத்தான் எழுதனேன்."

படகு பேட்டரி

லினக்ஸ் போட ஆரம்பித்து, கோப்புகள் பாதி ஏறியிருக்கும்போது கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாளாகிறது. திரை இருண்டது. பாதியில் நின்றால் டிஸ்க் என்ன கதியாகும் என்பது இந்த வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும். திரும்பி வருகிற கரண்டை நம்பி உட்காரவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது, விடிந்தால் தேர்வு.

தனசேகர் அண்ணன் எழுந்து போய், படகில் லைட்டுக்கு வைத்திருந்த பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். நூறு சதவீதம் வருகிற வரைக்கும் நான் மௌஸை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை: "வலய போட்டுட்டல்ல, சும்மா சும்மா தூக்கிப் பாக்காத. வர்றது வரும்."

தேங்காய்

லேப்டாப் அரை நிமிஷத்தில் எழுந்து நின்றது. வீடே கை தட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கை கழுவிவிட்டு வரலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன்.

திரும்பி வருவதற்குள் அஞ்சலை பெரியம்மா லேப்டாப்பின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காயை உடைத்து அந்தத் தண்ணீரையும் தெளித்துவிட்டார். புதுப் படகு தண்ணீரில் இறங்கும் முன்னால் அதன் மூக்கில், அதாவது அணியத்தில், செய்கிற சடங்கு. புதுசாக ஒன்று வீட்டுக்கு வந்தால் அதைச் செய்யாமல் விடுவாரா? ஒயரைப் பிடுங்கி, கவிழ்த்து, துடைத்து, ஃபேனுக்கு அடியில் சாயங்காலம் வரை காய வைத்தேன். லேப்டாப் பிழைத்தது, கீபோர்டில் பாதி எழுத்துகள் வேலை செய்யவில்லை. அண்ணி மூலையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகைதான் வந்தது. பெரியம்மா மட்டும் லேப்டாப்பை ஏளனமாகப் பார்த்தார்: "படகு மேல கொடம் கொடமா ஊத்தறோம், அதுக்கு ஒண்ணும் ஆவல. இது இன்னா இவ்ளோ நோஞ்சானா கீது?"

திங்கட்கிழமை

என் வீட்டுக் கீபோர்டைக் கழற்றிக்கொண்டு காலையில் ஓடினேன். செருகியதும் லினக்ஸ் ஒரு கேள்வி கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டது. லேப்டாப்புக்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், ஆனால் அதன் நெற்றியில் குங்குமம் இன்னும் போகவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி எழுதினார். வாசலில் பெரியம்மா, தெருவில் கூவிக்கொண்டு வந்த தயிர்க்காரரை வாயில் விரல் வைத்து விரட்டினார். கோழிகளைத் தனசேகர் அண்ணன் விரட்டினார். நான் நகம் கடித்துக்கொண்டு, உள்ளே கேட்கிற தட்டச்சுச் சத்தம் நிற்கிறதா என்று கவனித்தேன். நிற்கவில்லை. தேர்வு முடிந்து கதவு திறந்தபோது அண்ணியின் முகத்தைப் பார்த்தேன், கேட்கத் தேவையில்லை. யார் என்ன நினைத்தால் என்ன, அது என் லேப்டாப் என்றுதான் எனக்குத் தோன்றியது, அவ்வளவு பெருமை.

பெரியம்மா மருமகளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. முந்தானையால் அண்ணி முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அடுத்த பரீட்ச என்னிக்கின்னு சொல்லு, அன்னிக்கி நான் மார்க்கெட்டுக்குப் போவல."

லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்ற எவராலும் முடியும், அதை ஒரு குடும்பத்துக்குள் ஏற்றுவதற்குத்தான் என்னை மாதிரி ஆள் வேண்டும் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.