கட்டுப் போட்ட முழங்கால்

கொச்சி மட்டாஞ்சேரி, மே 1985. சுக்கு மண்டிகளுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து தொடங்கப் போகிறது. ஆட்களின் கனம் தாங்காமல் மூங்கில் கேலரி கிறீச்சிடுகிறது.

வெளியூர் அணிக்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர் ஒருவரை இறக்கியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஆடுகிறவர். அங்கே விடுமுறை என்பதால் வந்திருக்கிறார். வலது முழங்காலில் வெள்ளைக் கட்டு.

உள்ளூர் அணியில் அவரைத் தடுக்க வேண்டிய முருகன், என் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை இறுக்குகிறார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நான் மதுரைக்காரன் என்றதும் மலையாளம் கலந்த தமிழில் பேசுகிறார்.

"அந்தக் கெட்டு சும்மாவாக்கும், அண்ணா. அவனுக்கு இடது முட்டுதான் கேடு."

"எப்படிச் சொல்றீங்க?"

"சவிட்ட வர்றவன் கெட்டுப் போட்ட காலத்தான் சவிட்டுவான். அவன ஏமாத்தத்தான் நல்ல கால்ல கெட்டுறது."

"அப்போ நீங்க அந்த இடது கால மிதிக்கப் போறீங்களா?"

"பாதிக் களியிலயே, ஹாஃப் டைமுக்கு முன்னாடியே, அவன் வெளிய போகணும்னு கமிட்டி சேட்டன் சொல்லியிருக்காரு."

"அந்த முட்டி போனா அவருக்குப் பெல்ஜியமும் போச்சே!"

"முட்டு போனா எனக்கும் மூட்டை போச்சு" என்றபடி எழுகிறார். அப்போதுதான் கவனிக்கிறேன். அவருடைய இடது முழங்காலிலும் ஒரு கட்டு இருக்கிறது.

விசில் ஒலிக்கிறது. முருகனுக்கு எதிரே வந்து நிற்கிறார் கானாக்காரர். முருகனின் இடது காலிலுள்ள கட்டை அவர் பார்க்கவே இல்லை. முருகனின் வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.