ஜெனி வாசித்த பக்கம்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுகிற ஆள் நான். மன்னாரில் பிறந்தவள், பூசைக்குத் தவறாமல் போகிறவள், ஆனாலும் செத்தவர்கள் வந்து பேசுவார்கள் என்று ஒருநாளும் நம்பியதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எங்கள் ஒரே மகள் ஜெனி இங்கே ஆக்லாந்தில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்தாள். இங்குள்ள நூலகம் ஒன்றில் இருக்கும் பழைய நற்செய்திக் கையெழுத்துப் பிரதிதான் அவளுடைய ஆய்வு. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் ஏதோ ஒரு மடத்தில் தோலில் எழுதியது, இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் லத்தீன். எழுதிய துறவிக்குக் கிரேக்கம் தெரியாது, எழுத்துகளைப் படம் மாதிரிப் பார்த்து வரைந்திருக்கிறார் பாவம் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பாள். ஹில்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் சமைக்கும்போது குசினி வாசலில் சாய்ந்து நின்று, கிரேக்கத்தில் ஒரு வரி, லத்தீனில் ஒரு வரி என்று சத்தமாக வாசிப்பாள். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் காதில் தங்கிவிட்டது. ஆய்வை அவள் முடிக்கவில்லை. இரத்தப் புற்றுநோய், ஒரு குளிர்காலத்துக்குள் கொண்டுபோய்விட்டது.

சில மாதம் கழித்து, பிள்ளை படித்ததை ஒருமுறை பார்ப்போம் என்றார் என் கணவர். நல்ல வெயில் அடித்த பிற்பகல். நூலகப் பெண் பிரதியை மெத்தை மாதிரி ஒரு தாங்கியில் வைத்து, ஜெனி கடைசியாக எடுத்துப் பார்த்த பக்கத்தை விரித்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். எழுத்து கறுப்பும் இல்லாத மண்ணிறமும் இல்லாத ஒரு நிறம். இதைத்தானே என் பிள்ளை குனிந்து குனிந்து பார்த்தாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் தோளுக்குப் பின்னால் ஜெனியின் குரல், கிரேக்கத்தில் ஒரு வரி, லத்தீனில் ஒரு வரி. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயந்து அசையாமல் இருந்தேன். கடைக்கண்ணால் அவரைப் பார்த்தால் கண்ணீர் தாடையால் வழிகிறது.

"உங்களுக்கும் கேக்குதே?"

"ஓம். கதையாதையும். பிள்ளை வாசிக்கட்டும்."

பக்கத்தின் அடியில் லத்தீன் இல்லை, எழுதியவர் ஏனோ அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். குரல் கிரேக்க வரியை முடித்தது, மூச்சு எடுத்தது. பிறகு எங்களைக் கூப்பிடுகிற மாதிரி ஒரே ஒரு தமிழ்ச் சொல். அவ்வளவுதான். எங்கள் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்த நூலகப் பெண்ணுக்கு எதுவுமே கேட்கவில்லையாம்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை.

"கேட்டனீரே, 'அப்பா' எண்டு என்னைக் கூப்பிட்டவள்."

"ஓம், கேட்டனான்," என்றேன்.

எனக்குக் கேட்டது 'அம்மா' என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.